ஆல் சீசன் டயர்: ஒரே செட்டில் ஐந்து கனடா குளிர்காலம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

2020 அக்டோபரில் மாட்டிய ஆல் சீசன் டயர் செட்டை 2025 அக்டோபரில்தான் கழற்றினேன். இடையில் ஐந்து குளிர்காலம், 88,000 கிலோமீட்டர், எல்லாம் டொரொண்டோவும் அதைச் சுற்றிய ஊர்களும். ஊரிலிருந்து புதிதாக வந்து கார் வாங்கும் நண்பர்கள், அவர்களுடைய தம்பிகள், அலுவலகத்தில் பக்கத்து சீட்டுக்காரர் என்று ஆளாளுக்கு இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது. இனி இந்தப் பக்கம்தான் பதில். நான் மெக்கானிக் இல்லை. டயரின் பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர் கட்டிகள்) ஆழம் அளக்கும் 8 டாலர் கருவி ஒன்றும் ஒரு நோட்டும் வைத்திருப்பவன், அவ்வளவுதான்.

என்ன கார், என்ன டயர்?

2017 டொயோட்டா கொரோலா, முன்சக்கர இழுவை. டயர் அளவு 205/55 ஆர் 16, அதற்குப் பின்னால் 91 எச். 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதற்கான எண். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாக்குப்பிடிக்கும். 401 நெடுஞ்சாலையில் காலை எட்டு மணிக்கு 30-ல் ஊர்கிறவனுக்கு அது எதற்கு என்று கேட்காதீர்கள், அந்த அளவில் கிடைத்தது அதுதான்.

கம்பெனி பெயர் சொல்லப்போவதில்லை. ஒரே பெயரில் ஒவ்வொரு அளவிலும் டயர் கொஞ்சம் வேறாகத்தான் நடந்துகொள்கிறது, நான் சொல்வதை வைத்து உங்கள் காருக்கு வாங்கினால் நம் நட்பு கெடும். நடுத்தர விலை, பெயர் தெரிந்த கம்பெனி, நான்கும் ஒரே நாளில் வாங்கியது. இது போதும்.

ஆல் சீசன் என்றால் நான்கு சீசனுக்கும் போடலாம் என்றுதானே அர்த்தம்?

பெயர் அப்படித்தான் சொல்கிறது. இந்தப் பெயரோடு டயரை முதலில் பெரிய அளவில் விற்றது அமெரிக்காவில் குட்இயர் கம்பெனி. 1977-ல் வந்த அந்த டயரின் பெயர் டியெம்போ. அதுவரை அங்கே கோடைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று என்று வருடம் இருமுறை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தொல்லை வேண்டாம் என்பதுதான் விற்பனைப் பேச்சு. மக்களும் பிடித்துக்கொண்டார்கள்.

டயரின் பக்கச் சுவரில் 'எம்+எஸ்' என்று அச்சிட்டிருக்கும். சேறும் பனியும் என்பதன் சுருக்கம். இதைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறோம், நானும் ஏமாந்தேன். அந்த எழுத்து டயரின் பட்டன் அமைப்பைப் பற்றியது, அதாவது பட்டன்களுக்கு நடுவே போதுமான இடைவெளி இருக்கிறதா என்பதைப் பற்றியது. பனியில் ஓட்டிப் பார்த்து, பாஸ் போட்டுக் கொடுத்த முத்திரை அல்ல.

ஓட்டிப் பார்த்துக் கொடுக்கும் முத்திரை வேறு: மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள். 1999-ல் வந்தது. அழுத்திய பனியில் ஓர் ஒப்பீட்டு டயரைவிட குறைந்தது 10 சதவீதம் கூடுதலாக இழுத்தால்தான் இந்தப் படத்தைப் போடலாம். கவனிக்க: சோதிப்பது வண்டி பனியில் கிளம்பும் இழுவையை. பிரேக்கும் ஐஸும் அந்தச் சோதனையில் இல்லை.

என் டயரில் எம்+எஸ் இருந்தது, மலை இல்லை.

ஆல் வெதர் என்று கடையில் இன்னொன்று காட்டுகிறார்களே?

பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு. ஆல் சீசன், ஆல் வெதர், இரண்டும் தமிழில் ஒன்றுதான், ஆங்கிலத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கனடா கடையில் ஆல் வெதர் என்றால் மலைப் படம் உள்ளது, வருடம் முழுக்கப் போடலாம் என்று பொருள். ஆல் சீசனில் பெரும்பாலும் அந்தப் படம் இருக்காது. சில புது மாடல்களில் ஆல் சீசன் என்றே எழுதி மலையும் போட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் இன்னும் குழப்பம்: அங்கே இப்போது ஆல் சீசன் என்று விற்பதில் பெரும்பாலும் மலைப் படம் இருக்கும். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல், பனிச்சாலையில் ஓட்ட எம்+எஸ் மட்டும் இருந்தால் சட்டப்படியே செல்லாது. ஆகவே ஜெர்மனியில் இருக்கும் உங்கள் மச்சான் "ஆல் சீசன் அருமையாக இருக்கிறது" என்று சொன்னால் அவர் வேறு டயரைச் சொல்கிறார். பெயரை விடுங்கள், படத்தைப் பாருங்கள்.

சரி, பனியில் எப்படித்தான் இருந்தது?

இதற்கு ஒரு பதில் கிடையாது, இரண்டு உண்டு. மிசிசாகாவில் டண்டாஸ் தெரு, எரிண்டேல் பூங்கா பக்கம் கிரெடிட் ஆற்றுப் பள்ளத்தில் இறங்கி மறுபக்கம் ஏறும். பெரிய மேடு இல்லை, ஆனால் நடுவில் சிக்னல் விழுந்து நின்றுவிட்டால் பனியில் கிளம்புவது கஷ்டம். என் டயருக்கு அந்த மேடுதான் பரீட்சைக் கூடம்.

2022 ஜனவரி 17-ஐ டொரொண்டோவில் இருந்த யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ஒரே நாளில் கொட்டிய பனியில் டான் வேலி பார்க்வே, கார்டினர் என்ற இரண்டு விரைவுச்சாலைகளையும் மூடினார்கள். மறுநாள் மாலை நான் வெளியே போக வேண்டியிருந்தது. டண்டாஸில் பாதிதான் வழித்திருந்தார்கள், மிச்சம் பழுப்பு நிறத்தில் நாட்டுச் சர்க்கரை மாதிரி கிடந்தது. மேட்டில் நின்றேன், கிளம்பினேன். முன்சக்கரம் ஒருமுறை சுற்றியது, பிடித்தது, ஏறிவிட்டது. அப்போது பட்டன் ஆழம் 7 மில்லிமீட்டர் இருந்தது. வீட்டுக்கு வந்து, "விண்டர் டயர் எல்லாம் கடைக்காரன் கதை" என்று நான்கு பேரிடம் சொன்னேன். அந்த நான்கு பேரிடமும் இப்போது வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

2025 பிப்ரவரி நடுவில் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து இரண்டு பெரிய பனி. அதே மேடு, அதே கார், அதே டயர், ஆழம் மட்டும் 3.7. சொல்லப்போனால் இம்முறை சாலை 2022-ஐவிட நன்றாகவே வழித்திருந்தது. சிக்னல் பச்சையானது, நான் ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்தேன், டேஷ்போர்டில் சறுக்கல் விளக்கு மின்னியது, கார் நகரவில்லை. இன்னும் மெல்ல மிதித்தேன். கார் நகர்ந்தது, பின்னோக்கி. ஒரு முழம் இருக்கும். பின்னால் நின்ற வேன்காரர் ஹாரன் அடிக்கவில்லை. அவர் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன், அவர் ரிவர்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஸ்டியரிங்கை ஓரப் பக்கம் ஒடித்து, வழிக்காத புதுப் பனியில் ஒரு சக்கரத்தை ஏற்றித்தான் மேலே வந்தேன்.

அதே டயர் ஏன் இப்படி மாறியது?

பனியில் பிடிப்பு ரப்பரால் மட்டும் வருவதில்லை. பட்டன்களில் பிளேடால் கீறியது போல மெல்லிய கீறல்கள் இருக்கும். அவை பனியைக் கவ்வும், கவ்விய பனி சாலையில் உள்ள பனியோடு ஒட்டும். பனி உருண்டை பிடித்து விளையாடியவர்களுக்குத் தெரியும், பனிக்குப் பனிதான் நன்றாக ஒட்டும். பட்டன் தேயத் தேய பள்ளம் ஆழம் குறைகிறது, கவ்வ இடமில்லை. பல டயர்களில் இந்தக் கீறல்கள் அடிவரை போவதும் இல்லை. பாதி தேய்ந்ததும் சில கீறல்கள் மறைந்தேவிடும். என்னுடையதில் 4 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தபோது வெளித் தோள் பக்கத்துக் கீறல்கள் காணாமல் போயிருந்தன.

இரண்டாவது, வயது. ஸ்காபரோவில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணா சின்னதாக கராஜ் வைத்திருக்கிறார். டயரைச் சுற்றிப் பார்த்தார், கட்டைவிரல் நகத்தைப் பட்டனில் அழுத்தினார், எடுத்தார். தடம் விழவில்லை. பக்கத்தில் கிடந்த புது டயரில் அதே போல் அழுத்திக் காட்டினார், பிறை மாதிரி தடம் விழுந்து மெல்ல மறைந்தது. "தம்பி, ரயர் இன்னும் தேயேல்ல, ஆனா இறுகிப் போச்சு" என்றார். விஞ்ஞான முறை இல்லைதான், ஆனால் எனக்குப் புரிந்தது.

நோட்டில் எழுதிய தேய்மானக் கணக்கைச் சொல்ல முடியுமா?

ஒவ்வொரு நவம்பரும் அளந்தேன், நான்கு டயரின் சராசரி. புதிதில் 7.9 மில்லிமீட்டர். 2021-ல் 14,000 கிலோமீட்டர் ஓடியதும் 7.1. 2022-ல் 32,000-க்கு 6.2. 2023-ல் 52,000-க்கு 5.1. 2024-ல் 72,000-க்கு 4.0. கழற்றும்போது 88,000, ஆழம் 3.2. முதல் வருடம் கொரோனா, கார் பாதி நாள் நின்றுகொண்டே இருந்தது.

ஏறக்குறைய 19,000 கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர். நல்ல டயர்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்கக் கருவிகள் அங்குலத்தை 32 பாகமாக்கிக் காட்டும். அதில் புது டயர் 10, நான் கழற்றியது 4.

அப்படியானால் சட்டப்படி இன்னும் ஓட்டியிருக்கலாமே?

தாராளமாக. டொரொண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் காருக்குச் சட்ட எல்லை 1.5 மில்லிமீட்டர். டயரிலேயே பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன ரப்பர் திண்டுகள் இருக்கும். பட்டன் அந்தத் திண்டு மட்டத்துக்கு வந்தால் 1.6, மொட்டை டயர் என்று அர்த்தம். என் கணக்குப்படி இன்னும் 30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும்.

ஐந்து வருடத்தில் எனக்குப் புரிந்தது இது ஒன்றுதான்: சட்டத்துக்கு டயர் உயிரோடு இருக்கும்போதே பனிக்கு அது செத்துவிடுகிறது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இதை எழுதியே வைத்திருக்கிறது. அங்கே மலைச் சாலைகளில் அக்டோபர் 1 முதல் எம்+எஸ் டயரை அனுமதிக்கிறார்கள், ஆனால் ஆழம் குறைந்தது 3.5 மில்லிமீட்டர் வேண்டும். கியூபெக் அதற்கும் மேலே: அங்கே பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மலைப் படம் கட்டாயம், வெறும் எம்+எஸ் செல்லாது. டொரொண்டோவில் இருக்கும் நமக்கு அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. அதனால் முடிவு நம் தலையில்.

என் கோடு 4 மில்லிமீட்டர். நவம்பரில் அளந்து அதற்குக் கீழே இருந்தால், ஆல் சீசனில் இன்னொரு குளிர்காலம் போகமாட்டேன். 2024 நவம்பரில் சரியாக 4.0 இருந்தது. "இன்னும் ஒரு வருடம்தானே" என்று நினைத்தேன், அதன் பலன்தான் டண்டாஸ் மேட்டில் பின்னோக்கிப் போன அந்த ஒரு முழம்.

7 டிகிரிக்குக் கீழே ஆல் சீசன் வேலை செய்யாது என்பது உண்மையா?

7-ல் சட்டென்று அணையும் சுவிட்ச் எதுவும் இல்லை. அது நினைவில் வைத்துக்கொள்ள ஒரு தோராய எண். குளிர ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். பால்கனியில் மறந்து விட்ட ஹவாய் செருப்பை ஜனவரியில் எடுத்துப் பாருங்கள், பலகை மாதிரி இருக்கும். விண்டர் டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மெத்தென்று இருக்கும்படி செய்தது, அதனால்தான் கோடையில் அது சீக்கிரம் தேய்கிறது.

என் அனுபவத்தில் மைனஸ் 5 வரை உலர்ந்த சாலையில் வித்தியாசம் தெரியவில்லை. மைனஸ் 15-க்குக் கீழே காலையில் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் கார் மரச் சக்கரத்தில் ஓடுவது போல இருக்கும், பிரேக்குக்கு வழக்கத்தைவிட முன்னதாகக் கால் வைக்க வேண்டும்.

ஐஸில் பிடிக்குமா?

இல்லை. புது டயராக இருந்தபோதும் இல்லை.

ஏடபிள்யூடி வண்டி. ஆல் சீசனே போதும்தானே?

நான்கு சக்கரமும் இழுத்தால் கிளம்புவது சுலபம். நிற்பது? எல்லா காருக்கும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான். நிறுத்துவது டயர். பனி நாளில் 401 ஓரத்துப் பள்ளத்தில் கிடக்கும் வண்டிகளை எண்ணிப் பாருங்கள், எஸ்யூவிகள் குறைவாக இருக்காது. கிளம்பும்போது கிடைத்த தைரியம் வளைவில் காலை வாருகிறது.

மழையில்?

பனியைவிட மழையில்தான் இந்த டயர் என்னைச் சந்தோஷப்படுத்தியது. முதல் மூன்று வருடம் 401-ல் அடைமழையிலும் பயமில்லை. ஐந்தாவது கோடையில் லாரிகள் ஓடி ஓடிப் பள்ளமான தடத்தில் தேங்கிய தண்ணீரில் 100-ல் போகும்போது ஸ்டியரிங் ஒரு நொடி லேசாகிவிடும். தண்ணீரை வெளியே தள்ளப் பள்ளம் போதவில்லை, டயர் தண்ணீர் மேல் மிதக்கிறது. அப்படி ஆனால் பிரேக் அடிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், தானாகப் பிடிக்கும். நான் மழையில் 85-க்கு இறங்கிவிட்டேன்.

காற்று எவ்வளவு வைப்பது? குளிரில் இறங்குகிறதே?

ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளதுதான் கணக்கு. என்னுடையதில் 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு). டயர் சுவரில் எழுதியிருப்பது உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்காதீர்கள்.

வெப்பம் ஏறக்குறைய ஐந்தரை டிகிரி குறைந்தால் ஒரு பிஎஸ்ஐ இறங்கும். அக்டோபரில் 15 டிகிரியில் 32 வைத்தால், மைனஸ் 20 காலையில் 26 தான் இருக்கும். ஓட்டை இல்லை, பஞ்சர் இல்லை, வெறும் குளிர். காற்று குறைந்தால் எரியும் விளக்கு அமெரிக்காவில் கட்டாயம், கனடாவில் கட்டாயமில்லை. என் காரில் அது இல்லை. அதனால் மாதம் ஒருமுறை, காரை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது கேஜ் வைத்துப் பார்க்கிறேன். அடுக்குமாடியின் கீழ்த்தள பார்க்கிங்கில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே 12 டிகிரி இருக்கும், வெளியே மைனஸ் 15. கீழே பார்த்த அளவை நம்பாதீர்கள், நான்கைந்து பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும்.

ரொட்டேஷன் (டயர்களை முன்பின் இடம் மாற்றுவது) உண்மையிலேயே வேண்டுமா, கடைக்காரர் பில் ஏற்றவா?

உண்மையிலேயே வேண்டும். முன்சக்கர இழுவை காரில் இழுப்பது, திரும்புவது, பெரும்பங்கு பிரேக் எல்லாம் முன்னால்தான். விட்டுவிட்டால் முன் டயர் பின்னதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் தேயும். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள்: முன்னால் இருப்பது நேராகப் பின்னால் போகும், பின்னால் இருப்பது குறுக்காக முன்னால் வரும். சுவரில் அம்புக்குறி உள்ள டயர் என்றால் குறுக்கே மாற்றக் கூடாது, அதே பக்கத்தில் முன்பின் மட்டும்.

இங்கே ஒரு சின்ன துக்கம் உண்டு. ஒரு கடை, பெயர் வேண்டாம், ஆயில் மாற்றும்போது ரொட்டேஷனுக்கும் சேர்த்து 30 டாலர் வாங்கியது. வீட்டில் வந்து அளந்தால் முன்னால் 5.4, பின்னால் 6.1, காலையில் இருந்த அதே கணக்கு. டயர் இடம் மாறவே இல்லை. அன்றிலிருந்து காரை விடும் முன் முன் இடது டயரின் உள்பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுகிறேன். திரும்ப வாங்கும்போது கோடு பின்னால் இருக்க வேண்டும். இரண்டாம் முறை கோடு முன்னாலேயே இருந்தது, காட்டினேன், பேசாமல் மாற்றிக்கொடுத்தார்கள். மூன்றாம் முறை நான் அங்கே போகவில்லை.

சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். கொரோலாவுக்கு 103 நியூட்டன் மீட்டர். இந்த இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் கடையிலேயே இலவசமாகப் பார்ப்பார்கள், கேளுங்கள்.

சத்தம் வருமா?

60,000 கிலோமீட்டர் வரை இல்லை. அதன் பிறகு 70-ல் போகும்போது பின்னாலிருந்து மிக்ஸி தூரத்தில் ஓடுவது போல ஒரு ரீங்காரம். வீல் பேரிங் என்று பயந்தேன். கையைப் பட்டன் மேல் ஒரு திசையில் தடவினால் வழுக்கும், எதிர்த்திசையில் தடவினால் ரம்பப் பல் மாதிரி உறுத்தும். அதுதான் காரணம். ஒவ்வொரு பட்டனும் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) சரி செய்தேன், சத்தம் மேற்கொண்டு கூடவில்லை, ஆனால் வந்தது போகவும் இல்லை.

டொரொண்டோ பள்ளங்கள் என்ன செய்தன?

மார்ச் மாதம் பகலில் உருகி இரவில் உறைந்து சாலை வெடிக்கும் காலம். 2023 மார்ச்சில் தண்ணீர் நின்ற பள்ளம் ஒன்றில் இறக்கினேன். டயர் வெடிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து கார் கழுவும்போதுதான் பார்த்தேன், பக்கச் சுவரில் எலுமிச்சம்பழம் பாதி அளவுக்கு ஒரு புடைப்பு. உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம், ஒட்டுப் போட முடியாது. அந்த ஒரு டயரை அதே மாடலில் புதிதாக மாற்றினேன். மேலே சொன்ன சராசரியில் அதைச் சேர்க்கவில்லை, 2023 நவம்பர் முதல் மூன்று டயரின் சராசரிதான்.

ஆணி ஒருமுறை ஏறியது, நடுப்பகுதியில். கழற்றி உள்ளிருந்து பேட்ச் வைத்தார்கள், கடைசிவரை ஒழுகவில்லை. ஓரத்திலோ சுவரிலோ ஏறியிருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

முன் டயர் இரண்டை மட்டும் மாற்றினால் போதுமா?

நான்கும் மாற்றுவது நல்லது. கையில் பணமில்லை, இரண்டுதான் என்றால் புதிய இரண்டைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன்சக்கர இழுவை காருக்கும் இதேதான். தலைகீழாகத் தோன்றும். முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும், பயந்து வேகம் குறைப்பீர்கள், பிழைப்பீர்கள். பின் டயர் வழுக்கினால் கார் பம்பரமாகச் சுற்றும், நீங்கள் செய்ய ஒன்றும் இருக்காது.

பெட்ரோல் அதிகம் குடிக்குமா?

என் நோட்டில் டயரால் என்று சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. குளிர்காலத்தில் கூடும், எல்லாருக்கும் கூடும்.

டயர் சுவரில் 'ட்ரெட்வேர் 600' என்று போட்டிருந்தது. எத்தனை கிலோமீட்டர்?

அது கிலோமீட்டர் இல்லை. அமெரிக்க அரசின் ஒப்பீட்டு எண். டெக்சஸில் சான் ஆஞ்சலோ ஊரைச் சுற்றிய பொதுச் சாலைகளில் 7,200 மைல் ஓட்டி, ஒரு நிலையான டயரோடு ஒப்பிட்டு, கம்பெனியே தன் டயருக்குப் போட்டுக்கொள்ளும் மதிப்பெண். 600 என்பது 300-ஐவிட அதிக நாள் உழைக்கும், அவ்வளவுதான். டெக்சஸ் வெயிலில் எடுத்த மார்க் மிசிசாகா ஜனவரியைப் பற்றி எதுவும் சொல்லாது.

வாரண்டி கிடைத்ததா?

என் டயருக்கு 1,05,000 கிலோமீட்டர் தேய்மான வாரண்டி. கேட்கவே இல்லை, கேட்டாலும் கிடைத்திருக்காது. வாரண்டி எண்ணுவது 1.6 மில்லிமீட்டர் வரை, நான் கழற்றியது 3.2-ல். தவிர ரொட்டேஷன் பில் எல்லாம் காட்டச் சொல்வார்கள். அதில் ஒரு பில் பொய் என்று எனக்கே தெரியும்.

கணக்குப் போட்டால் எது லாபம்? இன்ஷூரன்ஸில் குறைகிறதாமே?

என் செலவு: 2020-ல் நான்கு டயர், மாட்டுக்கூலி, 13 சதவீத வரி எல்லாம் சேர்த்து 690 டாலர். நடுவில் புடைத்த டயருக்கு 185. ஐந்து வருடத்துக்கு 875.

தனி விண்டர் செட்டும் இரும்பு ரிம்மும் வாங்கியிருந்தால் அப்போதே மேலும் ஆயிரம் டாலர். வருடம் இருமுறை மாற்ற தலா 70. என்னைப் போல அடுக்குமாடியில் இருந்தால், நான்கு டயரை எங்கே வைப்பது? பால்கனியில் வைக்க நிர்வாகம் விடவில்லை. கடையில் வைத்துப் பாதுகாக்க சீசனுக்கு 100 கேட்டார்கள். அந்தப் பக்கம் ஒரு நியாயமும் உண்டு: இரண்டு செட் இருந்தால் ஒவ்வொன்றும் பாதி நாள்தான் ஓடும், இரண்டும் இரட்டிப்புக் காலம் வரும். ஆகவே டயர் விலை வீண் போவதில்லை. மாட்டுக்கூலியும் இடவாடகையும்தான் கூடுதல்.

2016 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் விண்டர் டயர் போட்டவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தள்ளுபடி தர வேண்டும். பெரும்பாலும் 5 சதவீதத்துக்குள் இருக்கும். சாதாரண ஆல் சீசனுக்குக் கிடைக்காது. மலைப் படம் உள்ள ஆல் வெதரைச் சிலர் ஏற்கிறார்கள், சிலர் ஏற்பதில்லை. போனில் "ஆமாம் சார்" என்றால் போதாது, மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

பழைய டயர் செட் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பட்டனைப் பார்க்கும் முன் பிறந்த நாளைப் பாருங்கள். சுவரில் 'டிஓடி' என்று ஆரம்பிக்கும் வரிசையின் கடைசி நான்கு எண்: 3220 என்றால் 2020-ல் 32-வது வாரம். ஒரு பக்கச் சுவரில் மட்டும்தான் முழுதாக இருக்கும், அது உள்பக்கமாக இருந்தால் குனிந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், வெட்கப்படாதீர்கள். ஆறு வயது தாண்டியதை நான் தொடமாட்டேன். புது டயர் வாங்கும்போதும் இதைப் பாருங்கள்.

இப்போது என்ன போட்டிருக்கிறீர்கள்? எங்களுக்கு என்ன சொல்வீர்கள்?

நான் மலைப் படம் உள்ள ஆல் வெதர் போட்டேன். வீடு இன்னும் அடுக்குமாடிதான், இடம் இல்லை. பழையதைவிடக் கொஞ்சம் சத்தம், விலை நான்குக்கும் சேர்த்து 200 டாலர் அதிகம். டண்டாஸ் மேட்டை முதல் பனியிலேயே போய்ப் பார்த்துவிட்டேன், வேண்டுமென்றே நின்று கிளம்பினேன், சறுக்கல் விளக்கு வரவில்லை. புது டயர், முழு ஆழம். 2022-லும் இப்படித்தான் ஏறினேன் என்பது நினைவில் இருக்கிறது, அதனால் இம்முறை யாரிடமும் பெருமை பேசவில்லை.

உங்களுக்கு: டொரொண்டோ, மிசிசாகா, பிராம்ப்டன் எல்லைக்குள், பனி நாளில் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடிகிறவர் என்றால் நல்ல ஆல் சீசன் முதல் மூன்று குளிர்காலம் தாங்கும். இரவு ஷிப்ட் பார்க்கிறவர், நர்ஸ், டெலிவரி ஓட்டுகிறவர் என்றால் பனி வழிக்கும் முன்பே சாலையில் இருப்பீர்கள், குறைந்தது ஆல் வெதர். வடக்கே பேரி, சட்பரி பக்கம் வீடு என்றால் பேச்சே இல்லை, தனி விண்டர் செட் வாங்குங்கள்.

கழற்றிய டயர்களை என்ன செய்தீர்கள்?

தெரிந்த பையன் ஒருவன், போன வருடம்தான் படிக்க வந்தவன், "அண்ணா, 3.2 இருக்கே, 100 டாலர் தர்றேன், குடுத்துடுங்க" என்று கேட்டான். அக்டோபர் கடைசி அது. ஏப்ரலாக இருந்தால் ஒரு கோடைக்கு ஓட்டிக்கொள் என்று சும்மாவே கொடுத்திருப்பேன். கடையிலேயே மறுசுழற்சிக்கு விட்டுவிட்டேன். அதற்கான கட்டணம் வாங்கும்போதே பில்லில் போய்விட்டது. அவனுக்கு என் 8 டாலர் கருவியைக் கொடுத்தேன். அவன் காரில் மாட்டியிருந்ததை அளந்தோம், முன்னால் 2.5. அடுத்த சனிக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு ஸ்காபரோ அண்ணா கராஜுக்குப் போனேன்.